போன தண்ணீர், வந்த தண்ணீர்

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஊட்டி விடுதிகளில் அறை கிடைப்பதே பெரும்பாடு. மே மாத மலர்க் கண்காட்சி முடியும்வரை கூடங்களிலும் நடைவழிகளிலும் காலடி ஓயாது. அதனால் கம்பளம் கழுவும் வேலையை மார்ச்சிலேயே முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். சமவெளியில் கம்பளம் அலங்காரம். 2,240 மீட்டர் உயரத்தில் அது தேவை. தரையின் குளிர் காலில் ஏறாமலிருக்கப் பழைய பங்களா விடுதிகளில் சுவருக்குச் சுவர் கம்பளம் பதித்திருக்கிறார்கள். அதைச் சுருட்டி எடுத்துப்போய் வெயிலில் காயப்போட முடியாது. கிடக்கும் இடத்திலேயே தண்ணீர் விட்டுக் கழுவி, விட்ட தண்ணீரை அங்கேயே உறிஞ்சி எடுத்தாக வேண்டும்.

அப்படியொரு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கோவையிலிருந்து மூன்று பேர் வேனில் வந்திருந்தார்கள். மூத்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். இருபது வயதுக்காரர்கள் இருவரும் அவரை ‘அண்ணா’ என்கிறார்கள். அவர் இருவரையுமே ‘கண்ணு’ என்று கூப்பிடுகிறார். இரவுச் சாப்பாடு முடிந்து, மேசை நாற்காலிகளை ஒதுக்கி, கூடம் அவர்கள் கைக்கு வரும்போது மணி பதினொன்று. விடியும்வரை அவர்களோடு இருந்தேன்.

முதலில் உலர்ந்த தூசியை வேக்கம் போட்டு எடுத்தார்கள். பிறகு மருந்து தெளித்துச் சற்று ஊறவிட்டார்கள். அதன்பின் மெஷின். கையில் பிடித்து ஓட்டும் உலோகக் குழாய்க்கு வாண்டு என்று பெயர். அதன் அடிவாயில் வெந்நீர் பீய்ச்சும். ஒட்டினாற்போல் உள்ள நீண்ட பிளவு அந்தத் தண்ணீரை அழுக்கோடு உறிஞ்சும். ஒரு தடத்தில் தண்ணீர் விட்டு இழுத்த பிறகு, அதே தடத்தில் தண்ணீரை நிறுத்திவிட்டு வெறும் உறிஞ்சலாக மறுபடியும் இழுக்கிறார்கள். அழுக்கை எடுப்பது முதல் இழுப்பு. கம்பளத்தைக் காப்பாற்றுவது இரண்டாவது இழுப்புதான்.

காப்பாற்றுவது என்பது மிகைச்சொல் அல்ல. அந்தக் கூடத்தில் கிடந்தது ஆக்ஸ்மின்ஸ்டர் கம்பளம். விடுதிகளுக்கென நெய்யப்படுவதில் வழக்கமான கலவை 80 சதவீதம் கம்பளி, 20 சதவீதம் நைலான். அடியில் சணல். சணல் நெடுநேரம் ஈரமாகக் கிடந்தால் அதன் பழுப்பு நிறம் தண்ணீரோடு மேலேறி, வெளிர்நிறப் பூ வேலைப்பாட்டில் கறையாகப் படியும். அடியிலிருந்த பழைய அழுக்கும் காயக் காய நுனிக்கு வந்து சேரும். பிறகு நாற்றம், பூஞ்சை. எவ்வளவு தண்ணீரைத் திரும்ப எடுத்தோம் என்பதில்தான் இந்தத் தொழிலின் தரமே இருக்கிறது.

“பெரிய டேங்க் மெஷின்தானே கொண்டாந்திருக்கீங்க?” என்பதுதான் விடுதி மேற்பார்வையாளர் கேட்ட முதல் கேள்வி.

“கொண்டாந்திருக்கோமுங்க சார். ஆனா இழுக்கறது டேங்க் இல்லீங்க. அது வந்த தண்ணிய வாங்கி வெச்சுக்கும், அவ்வளவுதானுங்க” என்றார் மூத்தவர்.

அவர் முன்பு கோவையில் நூற்பாலை ஒன்றின் ரிங் ஃபிரேம் பிரிவில் இருந்தவர். அங்கே அறுந்த இழையை உறிஞ்சுவதற்கென்று மெஷினின் நீளத்துக்கும் ஒரு காற்றுக்குழாய் ஓடும், நியூமாஃபில் என்பார்கள். அதில் எங்காவது கசிந்தால், விசிறியிலிருந்து தொலைவில் உள்ள கதிர்களில்தான் முதலில் தெரியும். காற்று எங்கே களவு போகிறது என்று தேடும் கண்ணும் காதும் அவருக்கு அங்கே வாய்த்தவை.

உறிஞ்சும் சக்தி என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதில் இரண்டு அளவுகள் உண்டு: மோட்டார் உண்டாக்கும் அழுத்தக் குறைவு, அது நகர்த்தும் காற்றின் அளவு. குழு கொண்டுவந்திருந்த இரண்டு மெஷின்களில் சிறியது கார்ச்சர் புஸி 10/1. நல்ல தண்ணீருக்கு 10 லிட்டர், அழுக்குத் தண்ணீருக்கு 9 லிட்டர். அதன் விவரச்சீட்டில் 220 மில்லிபார் என்றும் வினாடிக்கு 54 லிட்டர் காற்று என்றும் இருக்கும். முதல் எண்ணின் பொருள், தண்ணீரை நேர்க்குத்தாக இரண்டேகால் மீட்டர் அளவுக்கு மேலேற்றலாம் என்பது. ஆனால் இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. வாயை முழுக்க அடைத்தால்தான் 220. அப்போது காற்று நகராது. வாயை முழுக்கத் திறந்தால்தான் 54; அப்போது இழுப்பு இருக்காது. கம்பளத்தின்மேல் வாண்டு நகரும்போது நடப்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்.

இந்தக் கணக்கில் டேங்கின் கொள்ளளவு எங்குமே வருவதில்லை. நாற்பது லிட்டர் டேங்கில் உள்ள காற்றை வெளியே தள்ள அந்த மோட்டாருக்கு ஓரிரு வினாடி போதும். அதற்குப் பிறகு பெரிய டேங்க், சிறிய டேங்க் எல்லாம் ஒன்றுதான். டேங்க் இழுவையைக் கூட்டாது. கெடுக்க மட்டும் அதற்கு வழி உண்டு. மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது சென்டிமீட்டர் சதுர மூடியின்மேல் 200 மில்லிபார் அழுத்த வேறுபாடு என்றால், ஏறத்தாழ 180 கிலோ எடையை மேலே வைத்ததற்குச் சமம். மூடி இறுகி உட்காருவது அதனால்தான். விரிசல் விடுவதும் அதனால்தான். மூடி பெரிதாக ஆக, அதைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட்டும் நீளும், கசியும் இடமும் கூடும். இளைஞர்களில் ஒருவர் ஒவ்வொரு முறை டேங்கைக் காலி செய்த பிறகும் அந்த ரப்பரை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தே மூடினார். ஒரு மணல் துகள் சிக்கியிருந்தாலும் போதும்.

டேங்கில் தண்ணீர் நிறைந்தால் உள்ளே ஒரு மிதவைப் பந்து மேலெழுந்து மோட்டாருக்குப் போகும் வழியை அடைத்துவிடும். உடனே மோட்டாரின் சத்தம் கீச்சென்று உயரும். அடைபட்டால் மோட்டார் திணறி மெதுவாகும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு: தள்ளுவதற்குக் காற்றில்லாததால் அதன் சுமை குறைந்து வேகம் கூடுகிறது. மூத்தவர் கூடத்தின் மறுகோடியில் நின்று, முதுகைக் காட்டியபடியே, “கண்ணு, டேங்க் ரொம்பிடுச்சு பாரு” என்றார். வாண்டைக் கம்பளத்தில் அழுத்திய பிறகும் சத்தம் உயராமல் தடித்தே இருந்தால் எங்கோ கசிவு. முன்பு கழுவியவர்கள் ஷாம்பூவைச் சரியாக எடுக்காமல் விட்டிருந்தால் நுரை வரும். நுரை பந்தைத் தூக்காது, நேராக மோட்டாருக்குள் போய் பேரிங்கைத் தின்றுவிடும். அதற்காக நுரை அடக்கும் மருந்தை டேங்கில் கொஞ்சம் ஊற்றி வைக்கிறார்கள்.

பெரிய டேங்கால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. அடிக்கடி நிறுத்தி ஊற்ற வேண்டாம். உள்ளே அகலம் இருந்தால் காற்றின் வேகம் தணிந்து தண்ணீர் நன்றாகப் பிரிந்து கீழே விழும். ஆனால் நாற்பது லிட்டர் என்பது நாற்பது கிலோ. அந்த விடுதியில் சாக்கடை வாய் சமையலறைக்குப் பின்னால், கல் படிகளுக்குக் கீழே இருந்தது. மெஷினை அங்கே உருட்ட வழியில்லை. அழுக்குத் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து இறக்கியவை இரண்டு இளைஞர்களின் தோள்கள்தான். மெஷினின் கொள்ளளவைத் தீர்மானிப்பவர்கள் அந்தப் படிகளை ஒருமுறை இறங்கி ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

டேங்க் விஷயம் இவ்வளவுதான். இழுவையை உண்மையில் விழுங்குவது ஹோஸ்.

அன்றிரவு சிக்கல் ஒரு பிளக்கிலிருந்து தொடங்கியது. பெரிய மெஷினில் 1,200 வாட் மோட்டார் இரண்டு; 230 வோல்ட்டில் பத்து ஆம்பியருக்கு மேல் எடுக்கும். கூடத்துச் சுவர்களில் இருந்ததெல்லாம் 6 ஆம்பியர் பிளக். 16 ஆம்பியர் பிளக் ஒன்றே ஒன்று, வெந்நீர் பாய்லருக்காகப் பரிமாறும் அறையில். மெஷினை அங்கே நிறுத்திவிட்டு, கூடத்தின் மறுமுனை வரை பதினைந்து மீட்டர் ஹோஸ் இழுத்தார்கள். 120 வோல்ட் உள்ள அமெரிக்காவில் இதே சிக்கலுக்காக ஒரே மெஷினில் இரண்டு வயர் வைத்து, இரண்டு வேறு இணைப்புகளில் செருகுகிறார்கள்.

ஹோஸ் இரு மடங்கு நீண்டால் அதே காற்றை நகர்த்த உராய்வில் இழப்பதும் இரு மடங்கு. விட்டத்தின் கணக்கு இன்னும் கடுமையானது: வேகமாக ஓடும் காற்றுக்கு உராய்வு இழப்பு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். 38 மில்லிமீட்டர் ஹோஸுக்குப் பதில் 50 மில்லிமீட்டர் போட்டால் இழப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹோஸ், வழவழப்பான ஹோஸைவிட அதிகம் தின்னும். வளைவு ஒவ்வொன்றும் தன் பங்கை எடுக்கும். மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் எண் எதுவானாலும், கம்பளத்துக்குக் கிடைப்பது இவையெல்லாம் தின்றது போக மிச்சம்தான்.

அப்படியானால் முழு நீளத்துக்கும் இரண்டு இஞ்ச் போட்டுவிடலாமே என்று கேட்டேன்.

“போடலாமுங்க. ஆனா தண்ணி பாதியில படுத்துக்குமுங்க” என்றார்.

தண்ணீரைச் சுமந்து போவது காற்றின் வேகம். வினாடிக்கு 50 லிட்டர் காற்று ஒன்றரை இஞ்ச் ஹோஸில் வினாடிக்கு 44 மீட்டர் வேகத்தில் ஓடும். இரண்டு இஞ்சில் 25 மீட்டர்தான். சிறிய மோட்டாரில் பெரிய ஹோஸை மாட்டினால் தண்ணீர் தாழ்ந்த வளைவில் தேங்கி, சளசளவென்று முன்னும் பின்னும் அலையும். அகல ஹோஸுக்கு அதற்கேற்ற காற்று வேண்டும். இரண்டு மோட்டாரும் பக்கம் பக்கமாக இழுக்கும்படி அமைந்த மெஷினில் காற்று கூடும். ஒன்றன்பின் ஒன்றாக அமைந்ததில் அழுத்தம் கூடும். இவருடையது முதல் வகை. மெஷின் பக்கம் பத்து மீட்டருக்கு இரண்டு இஞ்ச், வாண்டு பக்கம் ஐந்து மீட்டருக்கு ஒன்றரை இஞ்ச் மாட்டினார். கையாள எடை குறைவு, வாண்டின் வாய்க்கும் பொருந்தும். இணைப்பில் செருகியிருந்த பழைய கழுத்துத் துண்டு உள்ளே ஒடுங்கியிருந்ததால் அதைக் கழற்றி எறிந்தார்.

மெஷினை ஓரிடத்தில் நிறுத்தி ஹோஸை நீட்டும் வழக்கம் இந்தத் தொழிலின் பிறப்பிலேயே இருக்கிறது. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் உருவாக்கிய முதல் உறிஞ்சு மெஷின் குதிரை இழுத்த வண்டியில் வந்து தெருவில் நிற்கும். ஹோஸ்கள் ஜன்னல் வழியே வீட்டுக்குள் போகும். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது அதுதான்.

ஊட்டியில் இன்னொரு எதிரி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். காற்று அடர்த்தி குறைந்தால் விசிறி உண்டாக்கும் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். குளிர் அந்த அடர்த்தியைக் கொஞ்சம் ஈடுகட்டினாலும், ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கோவையில் ஒரு முறை உலர் இழுப்பு போதுமான இடத்தில் இங்கே இரண்டு முறை இழுக்கிறார்கள். அந்தக் கூடுதல் இழுப்புக்கான நேரம் யாருடைய கூலிக் கணக்கிலும் சேருவதில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் பேசியிருக்கிறார்கள்.

மீட்டர் எதுவும் அவர்களிடம் இல்லை. சமையலறைச் சுவரில் சாக்பீஸால் இரண்டு பத்தி கோடு போட்டு வைத்திருந்தார்கள்: போன தண்ணீர், வந்த தண்ணீர். ஊற்றும் ஒவ்வொரு வாளிக்கும், இறக்கும் ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கோடு. ஹோஸை மாற்றுவதற்கு முன் பத்துக்கு ஏழு வந்துகொண்டிருந்தது. மாற்றிய பிறகு எட்டரை.

காலை ஐந்து மணிக்குக் காற்றூதிகளைக் கூடத்தின் நான்கு மூலையிலும் வைத்தார்கள். சாயங்காலம் வரை யாரும் மேசை இழுத்துப் போடக் கூடாது, காற்றூதியை நிறுத்தக் கூடாது என்று மேற்பார்வையாளரிடம் எழுதி வாங்கினார் மூத்தவர். அடுத்த மெஷின் வாங்கும்போது முதலாளியிடம் என்ன கேட்பீர்கள் என்றேன். யோசிக்கவே இல்லை. கைப்பிடியோடு தனியே கழற்றித் தூக்கக்கூடிய இருபது லிட்டர் அழுக்கு டேங்க், உள்ளே வழவழப்பான இரண்டு இஞ்ச் ஹோஸ், மாற்று கேஸ்கெட் இரண்டு. முதலாளி காட்டிய விளம்பரத் தாளில் டேங்க் எத்தனை லிட்டர் என்பது பெரிய எழுத்தில் இருந்ததாம். ஹோஸின் விட்டம் எங்குமே இல்லையாம். “அதைக் கேட்டு வாங்கிச் சொல்லுங்கன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்கேனுங்க” என்றபடி வேனில் ஹோஸைச் சுருட்டி வைக்கப் போனார்.