பாலையூற்றுக் கிற்றார்கள்

ஈழத்தின் கீழ்க்கரையிலே இயற்கை அன்னை அமைத்துத் தந்த பெருந்துறை திருக்கோணமலை. சுவாமி மலைமீது கோயில் கொண்டிருக்கும் கோணேசப் பெருமானையும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும், பிரெட்றிக் கோட்டையில் மேயும் மான்களையும் அறியாத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் இல்லை எனலாம். கல்விச் சுற்றுலா வரும் மாணவர்கள் கண்டு செல்வனவும் இவையே. ஆயினும் இத்துறைமுகத்தோடு பிறந்து வளர்ந்த செல்வம் இன்னொன்றும் உண்டு. நகரின் ஒரு பகுதியாகிய பாலையூற்றிலே, பறங்கியர் வீடுகளின் சுவர்களிலும் கட்டில்களின் அடியிலும் அது இருக்கிறது. அதனை வாசகர்களுக்குக் காட்டவே இவ்வாரம் புறப்பட்டோம்.

கொழும்பிலிருந்து புகைவண்டியில் வருவோர் கல்லோயாச் சந்தியிற் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம் ஆகிய ஊர்களைக் கடந்து வரவேண்டும். வயல்வெளிகள் முடிந்து சீனக்குடாவை அணுகும்போது, மரங்களுக்கிடையே நீலநீர் மின்னும். அங்கே உப்புக் காற்று முகத்தில் அடிக்கிறது. இக்காற்றை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறோம். நமது கதையில் அதற்கும் பங்குண்டு.

பறங்கியரும் அவர்தம் பாட்டும்

போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இங்கு கோட்டை கட்டினர். 1639இல் அது ஒல்லாந்தர் கைக்கும், 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. கொடிகள் மாறினவேயன்றி, போர்த்துக்கேயர் வழிவந்த குடும்பங்கள் கிழக்குக் கரையை விட்டு அகலவில்லை. மட்டக்களப்பிலும் திருக்கோணமலையிலும் அவர்கள் தமிழரோடு கலந்து வாழ்ந்தனர். தச்சு வேலை, இரும்பு வேலை, தோல் வேலை, இயந்திரம் திருத்தும் வேலை முதலியன அவர்களுக்குக் கைவந்த தொழில்களாயின. இன்று அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலும் வீதியிலும் பேசுவது தமிழே. எனினும் முதியோர் நாவிலே, போர்த்துக்கேயச் சொற்களும் ஈழத்துப் பேச்சு வழக்கும் கலந்து உருவான ஒரு மொழி, முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

அம்மொழிக்கு அரணாக நின்றது பாட்டு. கலியாண வீட்டிலே வயலினும் கிற்றாரும் மண்டலினும் றபானும் சேர்ந்து ஒலிக்க, ஆணும் பெண்ணும் எதிரெதிர் நின்று ஆடும் 'காபிரிஞ்ஞா' இவர்களது உயிரான கலை. போர்த்துக்கேயர் அழைத்துவந்த ஆபிரிக்க மக்களின் பெயரோடு தொடர்புடையது இச்சொல். ஆடு என்னும் பொருள்தரும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது 'பைலா'. 1940களில் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்ரியன் இத்தாளத்தைச் சிங்களப் பாட்டுக்கு இசைவித்துப் புகழ்பெற்றார். பின்னர் நித்தி கனகரத்தினம் பாடிய 'சின்ன மாமியே' பாடலும், ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் தமிழ் இளைஞரைத் துள்ளவைத்தன. அத்துள்ளலின் தாய்வீடு எதுவென்று கேட்டால், பறங்கியர் கலியாணப் பந்தலையே காட்டவேண்டும்.

கப்பல் ஏறிய வாத்தியங்கள்

வாத்தியங்கள் கப்பலேறிச் சென்று புதுநாட்டிலே குடிகொள்வது உலக வழக்கம். போர்த்துக்கலுக்குரிய மதேய்ரா தீவிலிருந்து 1879இல் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறிய மக்கள், தங்கள் சிறு நான்கு தந்தி வாத்தியத்தையும் ஹவாய்த் தீவுக்குக் கொண்டுபோயினர். அங்கிருந்த தச்சர் கையில் அதுவே 'யுக்குலேலே' ஆயிற்று. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்திலே, அமெரிக்கா சென்றுவந்த கப்பல் ஊழியர் கொண்டுவந்த இசைத்தட்டுகளும் கிற்றார்களும் ஒரு தலைமுறையின் செவியையே மாற்றின. பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் 1961இல் வாங்கிய 'கிரெட்ச்' கிற்றாரும் ஒரு கப்பல் ஊழியரிடமிருந்து வந்ததே.

திருக்கோணமலையும் அத்தகைய துறைமுகம். 1957 ஒக்ரோபர்வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது இவ்வூர். உலகின் பல திசைகளிலிருந்தும் மாலுமிகள் வந்திறங்கினர்; பட்டறைகளில் உள்ளூர் மக்கள் வேலை செய்தனர். இவ்விரு சாராரும் பழகிய இடத்தில் பண்டங்கள் கைமாறியதும் பாட்டுகள் கைமாறியதும் வியப்பன்று.

முற்றத்திலே ஒரு கண்காட்சி

நாம் சென்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிற் பூசை முடிந்து மதிய உணவும் ஆனபின், வேப்பமர நிழலிலே பாய் விரித்து, இசைஞர் ஆறேழு பேர் தத்தம் வாத்தியங்களோடு கூடியிருந்தனர். ஒருவர் பொருளை மற்றவர் எடுத்து வாசித்துப் பார்ப்பதும், குறை நிறை கூறுவதும், தம்மிடம் மிகுதியாக உள்ள தந்தியை மற்றவருக்குக் கொடுப்பதும் அக்கூட்டத்தின் நோக்கம்.

முதலில் காட்டப்பட்டது, வயது எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவரின் பழைய கிற்றார். துறைமுகப் பட்டறையில் வேலை செய்த அவர் தந்தையார், தாய்நாடு திரும்பவிருந்த மாலுமி ஒருவரிடம் அதனை வாங்கினாராம். முறுக்காணிகளில் ஒன்றேனும் இன்று பழையதன்று. குதிரை இருமுறை மாற்றப்பட்டிருக்கிறது. முகப்பலகையிலே ஒரு வெடிப்பு, உள்ளிருந்து மெல்லிய பலகைத் துண்டு வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. "இதில் மாலுமி தந்தது பாதி, நாங்கள் செய்தது பாதி" என்று சிரித்தார் பெரியவர்.

வெடிப்புக்குக் காரணம் நாம் முன்பு சொன்ன காற்று. வைகாசி தொடங்கி ஆவணிவரை தரைமேலாக வீசும் கச்சான் காற்று, மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பலகை சுருங்கும், ஒட்டு விடும். ஐப்பசிக்குப்பின் வாடை மழையோடு வந்தால் அதே பலகை ஈரம் குடித்துப் புடைக்கும்; தந்திகள் மெட்டுகளை விட்டு உயரும்; வாசிப்போர் விரல் நோகும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருப்பதே கிற்றாருக்கு நலம் என்பர் அறிந்தோர். திருக்கோணமலை அந்த அளவுக்குள் அடங்கி நிற்கும் ஊரன்று. உருக்குத் தந்திகளையோ உப்பு விரைவில் அரித்துவிடும். ஆகவே வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைப்பது இங்கு எல்லோருக்கும் கட்டாயம். வெயிலடிக்கும் சுவரிலே கிற்றாரைத் தொங்கவிடுவதில்லை; உட்சுவரே அதற்கு இடம்.

அடுத்து வந்தது பேஸ் கிற்றார். நாற்பது வயது மதிக்கத்தக்க இயந்திரத் தொழிலாளி ஒருவருக்கு உரியது. மாணவர்களின் பொருட்டு அதனைச் சிறிது விளக்குவோம். சாதாரண கிற்றாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி அதிற் பாதியாக, ஏறத்தாழ 41 முறையே அதிரும். அதாவது ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அதற்காகத் தந்தியின் நீளம் 34 அங்குலமாக வைக்கப்படுகிறது. முன்பு ஆளுயரப் பெரு வயலினே இவ்வேலையைச் செய்துவந்தது. 1951இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ பென்டர், தோளில் மாட்டி வாசிக்கக்கூடிய மின்சார பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தந்தியின் கீழே காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். உருக்குத் தந்தி காந்தப் புலத்தில் அசையும்போது கம்பியிலே மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. அதனைப் பெருக்கி ஒலியாக்குவது 'அம்ப்ளிபயர்' என்னும் ஒலிபெருக்கி.

அன்று அங்கிருந்த ஒலிபெருக்கிகள் இரண்டு. ஒன்று புதியது, கையில் தூக்கிச் செல்லலாம். மற்றது கனத்த மரப்பெட்டிக்குள் வால்வுகள் ஒளிரும் பழையது. அமெரிக்க மின்னழுத்தத்துக்கு அமைந்த அதனை நம் நாட்டு 230 வோல்ட்டில் நேரே இணைத்தால் எரிந்துபோகும். ஆதலால் இடையே ஒரு மின்மாற்றி வைத்திருந்தனர். வால்வு ஒலிபெருக்கிக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் என்றும், மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அது உள்ளே தேங்கி நிற்கும் என்றும், பழகாதவர் மூடியைத் திறக்கலாகாது என்றும் உரிமையாளர் பையன்களுக்கு எச்சரித்துக் கூறினார். கிற்றாருக்கென அமைந்த சிறு ஒலிபெருக்கியிலே பேஸை உரத்து வாசித்தால் அதன் கூம்பு கிழிந்துவிடும் என்பதையும் விரலால் அழுத்திக் காட்டினார்.

இரவல் என்னும் அறம்

இக்கூட்டத்தில் நம்மைப் பெரிதும் கவர்ந்தது வாத்தியங்களின் விலையோ பழமையோ அன்று. பேஸ் கிற்றாருக்கு உரியவரிடம் ஒலிபெருக்கி இல்லை. ஒலிபெருக்கிக்கு உரியவருக்கு வயலின்தான் வாசிக்கத் தெரியும். மண்டலின் வாசிக்கும் இளைஞனிடம் சொந்தமாக ஒன்றுமே இல்லை. எனினும் ஒரு கலியாணம் வந்தால் எல்லாம் ஒரே பந்தலில் சேர்கின்றன. யார் வீட்டில் எது இருக்கிறது என்பது அனைவருக்கும் மனப்பாடம்.

இவ்வழக்கம் தேவையிற் பிறந்தது. 1970 முதல் 1977வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்திலே, வெளிநாட்டுத் தந்தி ஒன்று கிடைப்பதும் அரிது. பின்னர் வந்த நீண்ட போர் குடும்பங்களைச் சிதறடித்தது. 1950களின் பிற்பகுதி தொட்டே பறங்கியர் பலர் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்து வந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, மட்டக்களப்பு டச்பார் பகுதியிலே பறங்கியர் பலர் மாண்டனர். ஒரு பெரியவரோடு எத்தனை பாட்டுகள் போயின என்று யார் கணக்கிடுவார்?

அன்று மாலை கூட்டம் சற்று மௌனமாயிற்று. காரணம் ஒரு கடிதம். பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாடு சென்ற ஒரு குடும்பம், தங்கள் மண்டலினை இவ்வூரவரிடம் விட்டுச் சென்றிருந்தது. அதனை அனுப்பிவைக்குமாறு இப்பொழுது பேரன் எழுதியிருக்கிறார். பாட்டனாரின் நினைவாக வீட்டிலே கண்ணாடிப் பெட்டியில் வைக்க விரும்புகிறாராம். அவர் வாசிக்கப் பழகியவரல்லர். அம்மண்டலினையே நாம் மேலே குறிப்பிட்ட இளைஞன் நாலு வருடமாக வாசித்துவருகிறான்.

"உரிமை அவர்களுடையது, கொடுக்கத்தான் வேண்டும்" என்றார் ஒருவர். "கொடுத்தால் இங்கே மண்டலின் இல்லை. மண்டலின் இல்லாவிட்டால் இவன் கற்ற பாட்டு என்ன ஆகும்?" என்று கேட்டார் வயலின்காரர். இருவர் கூற்றும் நியாயமாகவே பட்டது. இளைஞன் தலை குனிந்து, "அங்கிள், அவர் ஒருமுறை வந்து கேட்கட்டும். கேட்ட பிறகும் வேண்டுமென்றால் நானே துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுக்கிறேன்" என்றான். பெரியவர் அவன் முதுகைத் தட்டினார். அவ்வாறே பதில் எழுதுவதென்று தீர்மானமாயிற்று. பேரன் வருவாரா என்பதைக் காலமே கூறவேண்டும்.

ஏட்டிலும் நாவிலும்

இப்பாட்டுகளை ஏட்டில் பதித்தோரும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈழத்தில் ஆங்கில அரசின் உத்தியோகத்தராயிருந்த ஹியூ நெவில் சேகரித்த சுவடிகளுள், மட்டக்களப்புப் பறங்கியர் பாட்டுகள் எழுதிய கையெழுத்துப் பிரதி ஒன்று லண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் கே. டேவிட் ஜாக்சன் இப்பாட்டுகளை ஆராய்ந்து 1990இல் நூல் வெளியிட்டார். அண்மைய ஆண்டுகளில் லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்டோசோவும் அவரோடு சேர்ந்தோரும் கிழக்குக் கரைக்கு வந்து, பேச்சையும் பாட்டையும் ஒலி ஒளிப் பதிவாகச் சேமித்துள்ளனர். போற்றற்குரிய பணி இது. ஆயினும் பதிவு செய்த பாட்டு, பாடியவாறே நிற்கும். பந்தலில் பாடும் பாட்டோ மணமக்களின் பெயரை ஏற்று, அன்றைய வேடிக்கையைச் சேர்த்து, ஆண்டுதோறும் வளரும். அதற்கு இசைந்த வாத்தியமும், அதனைத் தாங்கும் இளங்கையும் ஊரிலே இருத்தல் வேண்டும்.

நம் வீடுகளிலும் எத்தனையோ வீணைகளும் வயலின்களும் உறைக்குள் கிடக்கின்றன. அக்காள் கலியாணமாகிப் போனபின் தொடப்படாத வீணை, அண்ணன் வெளிநாடு சென்றபின் தூசி படிந்த கிற்றார் என்று அவற்றுக்கு ஒவ்வொரு கதை உண்டு. விடுமுறை நாளில் மாணவர்கள் அவற்றை வெளியே எடுத்து, தந்தி மாற்றி, சுருதி கூட்டிப் பார்க்கட்டும். தாம் வாசிக்க விரும்பாவிடின், கற்க விரும்பும் அயல்வீட்டுப் பிள்ளையிடம் கொடுக்கட்டும். கொடுத்ததைக் குறித்து வைப்பதிலும் தவறில்லை.

திருக்கோணமலைக்குச் செல்லும் அன்பர்கள் நத்தார் புதுவருடக் காலத்தில் சென்றால், கோணேசரைத் தரிசித்து, கன்னியாவிலே நீராடி, மாலையிற் பாலையூற்றுப் பக்கமும் சென்று வாருங்கள். பறங்கியர் விருந்தோம்பலில் நம்மவர்க்குச் சளைத்தவரல்லர். கிற்றாரை நீங்கள் கையில் எடுத்துப் பார்க்க விரும்பினால் மறுக்கமாட்டார்கள்; துடைத்துத் திருப்பிக் கொடுக்க மட்டும் மறவாதீர்கள்.