17 வளைவுகள்... ஒரு சிவப்பு விளக்கு! - போடிமெட்டு ஜீப் பயணம் சொல்லித்தரும் பாடம்

போடிநாயக்கனூரில் ஜீப் சத்தத்தோடுதான் பொழுது விடிகிறது. தூக்குவாளியும் ஸ்வெட்டருமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறிக்கொள்ள, இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களை நோக்கிக் கிளம்புகின்றன ஜீப்கள். முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டினால் மலைப்பாதை. 17 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளா தொடங்குகிறது.

சுற்றுலா போகிறவர்களுக்கு இது மூணாறு செல்லும் அழகான வழி. இந்தப் பெண்களுக்கோ தினமும் போய்வரும் வேலைப்பாதை. அவர்களின் அன்றாடத்தைப் பார்க்க, பழைய டீசல் ஜீப் ஒன்றில் நானும் ஏறிக்கொண்டேன்.

வளைவில் மட்டும் எரிந்த விளக்கு

ஐந்தாறு வளைவுகள் தாண்டியிருப்போம். வண்டி திரும்பும்போது டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. அடுத்த வளைவிலும் அதேதான். ஓட்டுநர் அண்ணன், சாலை கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டார்.

"அண்ணே, லேட்டா போனா இன்னைக்குக் கூலி போயிரும்ணே" என்றார் பின்னால் இருந்த ஓர் அக்கா.

"தெரியும்த்தா. இது டீசல் லைட்டு இல்ல, பங்க் வரைக்கும் ஓட்டிப் பார்க்க. ஆயில் லைட்டு. மேல ஏறுறப்ப இன்ஜின் பிடிச்சுக்கிச்சுன்னா பிரேக்கும் கட்டையாயிரும். இத்தனை பேர வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அவர் சொன்னது மிகையல்ல. இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஒன்றோடு ஒன்று உரசாமல் காப்பது, அழுத்தத்தோடு பாயும் ஆயில்தான். அது குறைந்தால் சில நிமிடங்களிலேயே பேரிங் கருகிவிடலாம். இன்ஜின் நின்றுபோனால், பிரேக்குக்குக் கிடைக்கும் வேக்குவம் உதவியும் நின்றுபோகும்.

பின்னால் வந்த ஜீப்களில் இடம் கேட்டு எல்லோரையும் ஏற்றிவிட்டார் அண்ணன். பிறகு, ஆயில் கீழே இறங்கட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது ஆயில். வளைவில் திரும்பும்போது இருக்கிற கொஞ்ச ஆயிலும் ஒருபக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை இழுக்கிறது, விளக்கு எரிகிறது. கேனில் இருந்த ஆயிலை ஊற்றியதும் விளக்கு அடங்கியது. ஆனாலும் மேலே போகாமல், வண்டியைப் போடிக்கே திருப்பினார்.

மெக்கானிக் சொன்ன வரிசை

பட்டறையில் வண்டி சூடாக நின்று ஐடிலில் ஓடியபோது, விளக்கு மறுபடி மினுக்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணைந்தது.

"லைட்டு எரிஞ்ச உடனே இன்ஜினை இறக்கக் கூடாது தம்பி. சின்னதுல ஆரம்பிச்சுதான் பெருசுக்குப் போகணும்" என்ற மெக்கானிக், ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்.

முதலில் ஆயிலின் அளவும் தரமும். ஆயிலில் டீசல் வாடை அடித்து, அளவும் கூடியிருந்தால், டீசல் கலந்து ஆயில் நீர்த்திருக்கிறது என்று அர்த்தம். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு குறைந்திருந்தால் கீழே ஒழுகுகிறதா, நீலப் புகையாக எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, வயரிங். சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட் செய்யும் முன் விளக்கு எரிய வேண்டும். பழைய ஜீப்களில் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சின் ஒற்றை வயரைக் கழற்றினால் அணைய வேண்டும். கழற்றியும் எரிந்தால், வயர் எங்கோ பாடியில் உரசுகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். ஸ்விட்ச்சைக் கழற்றி, அந்த இடத்தில் மீட்டரை மாட்டி நிஜ அழுத்தத்தை அளப்பது. ஆயிரம் ஆர்.பி.எம்-முக்குச் சுமார் 10 பி.எஸ்.ஐ என்பது பட்டறைகளின் பொதுக் கணக்கு. மீட்டர் சரியாகக் காட்டினால், கோளாறு ஸ்விட்ச்சில்; செலவு குறைவு. குறைவாகக் காட்டினால், சம்ப்பில் உள்ள சல்லடை அடைப்பு, ரிலீஃப் வால்வு, பம்ப், பேரிங் என்று உள்ளே தேட வேண்டும்.

இந்த ஜீப்பில் மீட்டர் முள், சூடான ஐடிலில் 5-ஐத் தாண்டவில்லை. வேகம் கூட்டினால் ஏறியது. "பேரிங் தேய்ஞ்சிருக்கு. இடைவெளி கூடுனதால ஆயில் வழிஞ்சு ஓடிருது. கெட்டி ஆயில் ஊத்துனா லைட்டு அணையும், தேய்மானம் நிக்காது" என்றார் மெக்கானிக்.

ஒரு வாரமாவது வண்டி ஓடாது. அந்த வாரத்தின் வருமானமும் இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இறக்கிருங்க" என்றார்.

மலையேறப் போகிறீர்களா?

வீட்டில் பழைய கார் இருந்து, குடும்பத்தோடு மூணாறு கிளம்புகிறீர்கள் என்றால், வண்டி சமதளத்தில் குளிர்ந்து நிற்கும்போதே டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். வண்டிக்குரிய கிரேடு ஆயிலில் ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி அணையுங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்தால், ஓட்டாதீர்கள். வண்டியைக் கட்டி இழுத்துவரச் சொல்லுங்கள். இழுவைக்கு ஆகும் செலவு, இன்ஜின் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை!