ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கவனியுங்கள்!

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "தளத்தை எத்தனை அடி உயர்த்தலாம்?" என்பதுதான். அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யார்தான் மறப்பார்கள்! திருமுடிவாக்கத்தில் எங்கள் வீட்டையும் உயர்த்தித்தான் கட்டினோம். தண்ணீர் பயம் குறைந்தது. பதிலுக்கு வேறொரு பயம் வந்து சேர்ந்தது. வாசலிலிருந்து தெருவுக்கு நல்ல சரிவு. கார் நிற்பது அந்தச் சரிவின் மேல். சாயங்காலமானால் கீழே தெரு முழுக்கக் குழந்தைகள்.

போன ஐப்பசியில் ஒருநாள் என்னவர் வண்டியை மேலே ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தார். வண்டி மெல்லப் பின்னால் நழுவியது! சட்டென்று கால் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். பந்தை எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பொடியன் இரண்டடி தள்ளி நின்றிருந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே ஒர்க்ஷாப்புக்குப் போனது வண்டி. 'டைட்' பண்ணிக் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் பழைய கதை. போதாக்குறைக்கு, ஓட்டி வந்து நிறுத்தினால் வலது பின்சக்கரத்தில் தீய்ந்த வாடை.

என் அப்பா ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் வந்துவிட்டார். "ஏம்மா, குக்கர்ல பிரஷர் நிக்கலேன்னா என்ன பண்ணுவே? காஸ்கெட்டா, வெயிட்டான்னு பார்க்க மாட்டியா? இதுவும் அப்படித்தான். முதல்ல கோளாறு எங்கேன்னு பாரு. அப்புறம் ஸ்பேனரை எடு" என்றார்.

ஹேண்ட் பிரேக் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை, சகோதரிகளே. சைக்கிள் பிரேக் மாதிரிதான். நெம்புகோலை இழுத்தால் ஒரு கம்பிக் கேபிள் இழுபடும். அது பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் ஷூக்களை விரித்து, சக்கரத்தைப் பிடிக்க வைக்கும். இழுக்கும்போது 'கிளிக், கிளிக்' என்று பற்சக்கரச் சத்தம் கேட்கிறதே, அதை எண்ணுங்கள். பல சிறிய கார்களில் ஐந்திலிருந்து எட்டுக்குள் இறுகிவிட வேண்டும். உங்கள் வண்டிக்கு எத்தனை என்பது அதன் கையேட்டில் இருக்கும். எங்களுடையதில் பதினொன்று!

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் செங்கல் வைத்தோம். கியரை நியூட்ரலில் போட்டுப் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் உட்கார வைத்தார் அப்பா. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை நீட்டவே கூடாது. குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

நான் உள்ளே உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அப்பா சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தார். வலது சக்கரம் அசையவில்லை. இடது சக்கரமோ ஜாலியாகச் சுற்றியது! உறைக்குள்ளே துருப்பிடித்து இடது கேபிள் நகரவே இல்லை. பாரம் முழுவதும் வலது பக்கத்தின் தலையில். அதை மேலும் இறுக்கினால் என்ன ஆகும்? பிரேக்கை விட்ட பிறகும் ஷூ உரசிக்கொண்டே இருக்கும். தீய்ந்த வாடைக்குக் காரணம் அதுதான்.

இறுக்கினால் சரியாகிற கோளாறு வேறு, மாற்ற வேண்டிய கோளாறு வேறு. இரண்டு சக்கரமும் சமமாகப் பிடித்து, கிளிக் மட்டும் கூடியிருந்தால் கேபிள் தளர்ந்திருக்கலாம், அல்லது ஷூ தேய்ந்திருக்கலாம். முதலில் ஷூவின் கனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் இறுக்கவே கூடாது. சக்கரத்தின் உட்புறம் ஈரக்கசிவு தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள்.

தெரிந்த மெக்கானிக் வந்து இடது கேபிளை மாற்றினார். டிரம்மைக் கழற்றியபோது உள்ளேயிருந்த தூசியை வாயால் ஊத வேண்டாம் என்று அப்பா தடுத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

இறுக்கும் வேலையை நானே செய்தேன். எங்கள் வண்டியில் நெம்புகோலின் அடியில் இருக்கும் மூடியை எடுத்தால் மரையும் நட்டும் தெரியும். பிரேக்கை முழுதும் விட்டுவிட்டு, ஒரு தடவைக்கு அரைச் சுற்று. உடனே இழுத்துக் கிளிக்கை எண்ண வேண்டும். பிறகு விட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். உரசாமல் சுற்ற வேண்டும், உரசினால் நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஏழாவது கிளிக்கில் இரண்டு சக்கரமும் கெட்டியாகப் பிடித்தன. "ரசத்துக்கு உப்புப் போடற மாதிரி போடறியே!" என்று சிரித்தார் அப்பா. புதுக் கேபிள் சற்றே நீளும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

பட்டனை அமுக்கினால் பிடிக்கிற புது வண்டிகளில் இந்த வைத்தியம் செல்லாது, அவற்றை ஒர்க்ஷாப்பில்தான் பார்க்க வேண்டும்.

எந்த வண்டியானாலும் சில பழக்கங்கள் நல்லது. சரிவில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். கியர் வண்டியானால், முகம் மேலே பார்த்து நின்றால் முதல் கியர், கீழே பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டையும் வையுங்கள். அடைமழையில் நாள்கணக்கில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தே வைத்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளமானால் கியரும் கட்டையும் போதும். நிற்கிற காரில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். ஒரு பிஞ்சு விரல் அந்தப் பொத்தானை அமுக்கினால் போதும்!

மாதம் ஒருமுறை கிளிக்கை எண்ண ஒரு நிமிஷம்கூட ஆகாது. காஸ் அடுப்பின் ரப்பர் குழாயைப் பார்க்கிற நாளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்களேன்!