எடுத்துடலாமா?

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வரும். இவர்களில் ஒருவருக்குக்கூடப் பல்வலி வராதா?

மின்சாரம் போய்ப் பத்து வருடம் ஆகியிருக்கும். மருந்துக்கடைகள் சூறையாடப்பட்டிருக்கும். நாயகி காட்டில் ஒளிந்து, எதிரிகளைக் கொன்று, கூரையில்லாத ஒரு கட்டடத்தில் பிள்ளையும் பெற்றிருப்பாள். தலைமுடி சிக்குப் பிடித்திருக்கும், கன்னத்தில் கரி இருக்கும். வாயைத் திறந்தால் மட்டும் வெள்ளை வெளேரென்று முப்பத்திரண்டும் வரிசையாக இருக்கும். நம்முடைய சரித்திரப் படங்களும் இப்படித்தான். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அரண்மனையில் அரசிக்கும் தோழிக்கும் படகோட்டும் பெண்ணுக்கும் ஒரே டாக்டர் பல் கட்டியதுபோல இருக்கும்.

பல்லை நினைவில் வைத்திருந்த படம் என்று எனக்குத் தெரிந்தது 2000-இல் வந்த ‘காஸ்ட் அவே’. தனித்தீவில் மாட்டிக்கொண்ட டாம் ஹாங்க்ஸ், சொத்தைப் பல்லின்மேல் பனிச்சறுக்குக் காலணியின் கத்தியை வைத்துக் கல்லால் அடித்துப் பெயர்ப்பார். விமானம் விழும் காட்சியைக் கண் கொட்டாமல் பார்த்த நான், அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விமான விபத்து எங்கோ நடப்பது. பல்வலி எங்கள் வீட்டில் நடப்பது.

பல் விழுவதுபோலக் கனவு கண்டால் வீட்டில் சாவு விழும் என்று எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் சொல்வார்கள். அந்தக் கனவு எனக்கு மாதம் ஒருமுறையாவது வரும். யாரும் சாகவில்லை. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பல் கொட்டிப்போயிருக்கும் என்று நாம் நினைப்பது முழு உண்மையில்லை. பாகிஸ்தானின் மேர்கரில் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறைகளில், 9 பேருடைய 11 கடவாய்ப் பற்கள் துளையிடப்பட்டிருந்ததை 2006-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கூரான கல்லை முனையாக வைத்து, வில்லால் சுழற்றித் துளைத்திருக்கிறார்கள். அந்த 9 பேரில் பெண்களும் உண்டு. எழுத்து பிறப்பதற்கு முன்பே யாரோ ஒரு பெண்ணின் வாயைத் திறந்து, வலிக்கிற பல்லைப் பிடுங்காமல் சரிசெய்ய முயன்றிருக்கிறார்கள். சர்க்கரை வந்த பிறகுதான் நிலைமை மோசமானது. சர்க்கரை பணக்காரர்களின் பண்டமாக இருந்தபோது அவர்கள் பல் முதலில் கெட்டது. இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் பற்கள் கறுத்திருந்ததை 1598-இல் அவரைப் பார்த்த ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர் எழுதிவைத்தார். சர்க்கரை மலிவானதும் அந்தக் கறுப்பு ஏழைகளின் வாய்க்கு வந்து சேர்ந்தது.

மானிடவியலாளர் ஜான் லூக்காக்ஸ் 2008-இல் எழுதிய ஒரு கட்டுரை எனக்கு முக்கியமாகப் பட்டது. மனிதர்கள் விவசாயத்துக்கு மாறி, பிள்ளைப்பேறு அதிகமான பிறகு, ஆண்களைவிடப் பெண்களின் பல்தான் கூடுதலாகச் சொத்தையானது என்கிறார். பெண்ணின் உடலில் ஏறி இறங்கும் ஹார்மோன்கள், கர்ப்பத்தில் மாறும் உமிழ்நீர், உணவு என்று பல காரணங்கள். வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சிக்கொள்ளும் என்பார்களே, அது சரியில்லை. பல்லிலிருந்து அப்படி எதுவும் போவதில்லை. ஆனால் கர்ப்பத்தில் ஈறு வீங்குகிறது, ரத்தம் கசிகிறது, வாந்தியின் அமிலம் பல்லை அரிக்கிறது. பிள்ளை பிறந்தபிறகு தன் வாயைக் கவனிக்க அவளுக்கு நேரம் கிடைப்பதில்லை. ‘பிள்ளைக்கொரு பல்லு போச்சு’ என்று எங்கள் ஆயா சொன்னதில் மருத்துவம் தப்பாக இருக்கலாம், கணக்கு தப்பில்லை.

பல்லைப் பற்றிய இலக்கியத்தில் என்னால் மறக்க முடியாதவள் ஃபான்டைன். விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசரபிள்’ 1862-இல் வந்தது. ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் சுத்தானந்த பாரதியார் கொடுத்தது அந்த நாவலைத்தான். தூரத்தில் வளரும் மகளுக்கு உடம்பு சரியில்லை, 40 ஃபிராங்க் அனுப்பு என்று பொய்யாக ஒரு கடிதம் வருகிறது. ஃபான்டைன் ஏற்கெனவே தலைமுடியை விற்றவள். இப்போது முன்பற்கள் இரண்டையும் விற்கிறாள். இது நாவலாசிரியரின் மிகைக் கற்பனை இல்லை. ஏழையின் வாயிலிருந்து பணக்காரர் வாய்க்குப் பல் போன காலம் அது. 1815-இல் வாட்டர்லூ போர்க்களத்தில் செத்த சிப்பாய்களின் பற்கள்கூடப் பல்செட்டு செய்யப் போயின. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் 1784-ஆம் வருடக் கணக்கில், கறுப்பின மக்களிடம் 9 பற்கள் வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது. அடிமையாக இருப்பவர் விற்றார் என்று எழுதுவதே ஒரு வினோதம்தான்.

இன்னொரு கதை எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வருகிறது. திருவொற்றியூரில் விம்கோ நகர் என்று ரயில் நிலையம் இருக்கிறது. இப்போது மெட்ரோவும் வந்துவிட்டது. பெயர் அங்கிருந்த தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தீப்பெட்டிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்தார்கள். அதன் ஆவி நாள்தோறும் வாய்க்குள் போனவர்களுக்கு முதலில் பல்வலி வரும். பிறகு பல் விழும். பல் போன குழி ஆறாமல் சீழ் வைத்து, தாடை எலும்பே செத்து அழுகும். லண்டனின் பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலையில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். 1888 ஜூனில் அன்னி பெசன்ட் அவர்களுடைய நிலையைப் பத்திரிகையில் எழுதினார். ஜூலையில் ஏறத்தாழ 1,400 பேர் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். பத்து வருடம் கழித்து, 1898-இல், 17 பேருக்குத் தாடை நோய் வந்ததை அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்காக அந்தக் கம்பெனிக்கு விழுந்த அபராதம் 25 பவுனும் கொஞ்சம் சில்லறையும்.

அதே பெசன்ட்தான் பிறகு அடையாறுக்கு வந்தார். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு, அந்தப் பெயருக்குப் பின்னால் தாடை அழுகிய பெண்கள் நிற்பது தெரியும்? 1906-இல் பெர்ன் நகரில் வெள்ளைப் பாஸ்பரஸைத் தடைசெய்யும் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவில் 1913-இல் சட்டம் வந்தது. திருவொற்றியூர்த் தொழிற்சாலை அதற்குப் பிறகு வந்ததால், எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த நோய் வரவில்லை. பெண்கள் வெளியே வந்து நின்றதும் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. பல் என்பது அழகு விஷயம் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

ஆயா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவள். வெற்றிலையோடு புகையிலையை ஒதுக்கிக்கொள்வாள். கெட்ட பழக்கம் என்று நாங்கள் பேசுவோம். “வலி தெரியாம இருக்குதுல்ல” என்பாள். பசியும் தெரியாது, தூக்கமும் வராது. டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாதவளுக்கு அதுதான் மருந்து. வலியை மறைத்த மருந்தே பல்லையும் ஈறையும் தின்றது. புகையிலை இல்லாத வெறும் வெற்றிலை பாக்குகூட வாய்ப்புற்றுக்குக் காரணம் என்று 2004-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சொன்னபோது ஆயா உயிரோடு இல்லை.

அம்மா ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் தையல் மெஷினில் இருந்தாள். சொத்தைப் பல்லைக் காப்பாற்ற வேர் சிகிச்சை செய்தால் மூன்று, நான்கு தடவை போகவேண்டும். பிடுங்கினால் ஒரே தடவை. “நாலு தபா லீவு போட்டா சூப்பர்வைசர் சும்மா வுடுவானா? புடுங்கிப் போட்டுட்டு மறுநா வேலைக்குப் போயிக்கினே இருக்கலாம்” என்பாள். ஏழைப் பெண்களுக்குப் பல் போவதற்குப் பணமில்லாததுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். அம்மாவின் கணக்கில் பணத்தைவிட லீவுதான் பெரிய செலவு. கடைவாயில் ஆரம்பித்து, 41 வயதுக்குள் 11 பற்கள் இப்படி ஒரு நாள் லீவிலேயே போயின.

பிறகு ஒரு பல்செட்டு கட்டினாள். அது தினமும் போடுவதற்கு இல்லை, கல்யாணத்துக்குப் போடுவது. மற்ற நாளில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீருக்குள் கிடக்கும். பல் போன இடத்தில் தாடை எலும்பு வருடா வருடம் தேயும், அதனால் செட்டு தளர்ந்துபோகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சில வருடத்தில் அது வாயில் நிற்கவில்லை. அதிலிருந்து அம்மா சிரிக்கும்போது முந்தானை வாய்க்குப் போய்விடும். அடக்கமான பெண் என்று உறவினர்கள் பாராட்டினார்கள். அது அடக்கம் இல்லை, பல் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் என்னைச் சிரிக்கச் சொன்னபோது அம்மா உள்ளேயே இருந்துகொண்டாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்து சேர்ந்தது. வலையும் படகும் வீட்டுச் சுவரும் கறுப்பாயின. மீனவர்கள் அந்த எண்ணெயைக் கையாலேயே மொண்டு எடுத்தார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உலகம் அழியும் கதை எழுதுகிறவர்கள் எங்கள் பக்கம் வந்திருந்தால் அரங்கம் அமைக்கும் செலவு மிச்சம்.

புயல் நாட்களில் எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்குப் பல்லில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கியது. கரண்டு இல்லை, கடை திறக்கவில்லை, இடுப்பளவு தண்ணீர். கிராம்பை மென்று அந்த இடத்தில் ஒதுக்கிக்கொண்டாள். பல் டாக்டர்கள் இன்றும் பயன்படுத்தும் யூஜெனால் கிராம்பு எண்ணெயில்தான் இருக்கிறது. வலி கொஞ்சம் மரத்தது, சீழ் அப்படியே இருந்தது. அந்தக் கன்னத்தோடுதான் மூன்று நாளும் மாடியில் இருந்த பன்னிரண்டு பேருக்குக் கஞ்சி வைத்தாள். அவளால் அதைக் குடிக்க முடியவில்லை. உலகம் அழிந்த பிறகு பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று யாராவது கேட்டால், எனக்கு நினைவுக்கு வருவது துப்பாக்கி ஏந்திய நாயகி இல்லை. வீங்கிய கன்னத்தோடு அடுப்பு மூட்டுகிற இந்த அக்காதான்.

போன வருடம் என் இடது கீழ்க் கடவாய்ப் பல் வலித்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் எட்டிப் பார்த்தார். என் பையையும் செருப்பையும் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றியது. “எடுத்துடலாமா?” என்றார். வேறு வழி இருக்கிறதா என்று நான் கேட்ட பிறகுதான் ரூட் கேனல், கேப் என்று ஒரு தொகையைச் சொன்னார். என் ஒன்றரை மாதச் சம்பளம்.

கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பகுதியாகத் தொடங்கியது அது. காலையில் ஓ.பி. சீட்டு வரிசையில் கன்னத்தைப் பிடித்தபடி நின்றவர்களில் பாதிக்குமேல் பெண்கள். யாரும் வாய் திறந்து பேச முடியாததால் அந்த வரிசையில் சத்தமே இல்லை. உள்ளே ஒரு மாணவி, என் மகள் வயதிருக்கும், எக்ஸ்ரேயைக் காட்டி வேர் எது, நரம்பு எது என்று விளக்கினாள். “எடுக்க வேணாம்க்கா, காப்பாத்தலாம். ஆனா நாலு தடவ வரணும்” என்றாள்.

நாலு தடவை. அம்மாவின் கணக்கு காதில் கேட்டது. எனக்கு எழுதிக்கேட்டால் லீவு தருகிற வேலை இருக்கிறது. அம்மாவுக்கு இல்லாதது அது ஒன்றுதான். நாலு தடவையும் போனேன். பல் இருக்கிறது.

தொழிலாளர் ஈட்டுறுதியில் பல் வைத்தியம் உண்டு. ஆனால் மீன் விற்கிறவள், வீட்டு வேலை செய்கிறவள், நடைபாதையில் இட்லி சுடுகிறவள் அதற்குள் வருவதில்லை. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் பல்லை விலக்கியே வைக்கிறது. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் ஓர் அரசு பல் மருத்துவமனை திருவொற்றியூரில் இருந்தால் எத்தனை பல் மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அடுத்த முறை யாராவது உங்களிடம் “எடுத்துடலாமா?” என்று கேட்டால், “எடுக்காம இருக்க என்ன வழி, எத்தனை தடவ வரணும்?” என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வியை நம் அம்மாக்களால் கேட்க முடியவில்லை.

கடைசித் தடவை அம்மாவையும் அழைத்துப்போனேன். புதுச் செட்டுக்கு அளவெடுக்க. “இந்த வயசுல எனக்கு எதுக்குடி அழகு?” என்று வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தாள். மாணவி வாயில் மெழுகை வைத்துக் கடிக்கச் சொல்லி, எடுத்துவிட்டு, ஏதாவது கேட்கணுமா அம்மா என்றாள். அம்மா முந்தானையைக் கீழே விட்டாள்.

“நண்டு கடிக்கலாமா கண்ணு?”

“ஓட்டை உடைச்சுக் குடுத்தா சாப்பிடலாம்மா.”

“அது போதும்” என்றாள் அம்மா.