இன்சூரன்ஸ் இருந்தது, காட்டத்தான் முடியவில்லை



போன மாதம் எங்கள் காருக்கு 2,000 ரூபாய் அபராதச் சலான் வந்ததும், பிறகு அது ரத்தானதும் நம் குடும்பக் குழுவில் அரைகுறையாகப் பரவிவிட்டது. "என்ன டீச்சர், போலீஸ் ஸ்டேஷனுக்கெல்லாம் போனீங்களாமே?" என்று ஆளாளுக்கு போன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் உங்களில் வண்டி இல்லாதவர்கள் குறைவு. பொறுமையாகப் படியுங்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவர் ஓட்டினார். கார் என் பெயரில் இருக்கிறது, பணி ஓய்வில் வந்த பணத்தில் வாங்கியது. நம் குன்றத்தூர் – ஸ்ரீபெரும்புதூர் சாலையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு பைக்கில் வரும் பிள்ளைகள். வழியில் போலீஸ் செக்கிங்.

இளவயது எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். லைசென்ஸ் பார்த்தார், ஆர்.சி. பார்த்தார். கையிலிருந்த கருவியில் வண்டி எண்ணைத் தட்டிவிட்டு, "இன்சூரன்ஸ் நேத்தோட முடிஞ்சிருக்கு சார்" என்றார்.

"புதன்கிழமையே புதுப்பிச்சாச்சு சார். வேற கம்பெனிக்கு மாத்தியிருக்கோம். பழசு நேத்து முடிஞ்சுது, புதுசு இன்னையிலேர்ந்து ஆரம்பம்" என்றேன் நான்.

"பேப்பர் இருந்தா காட்டுங்கம்மா."

பேப்பர் வீட்டு பீரோவில் இருக்கிறது. பி.டி.எஃப். மகனுடைய மெயிலில் இருக்கிறது. மகன் ஓசூரில் நைட் ஷிஃப்ட் முடித்து, போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறான். நாலு முறை அடித்துப் பார்த்தேன்.

"மெஷின்ல காட்டலைன்னா நான் போட்டுத்தான் ஆகணும்மா" என்று சொல்லி சலான் போட்டார். உடனே என் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. கிளம்பும் முன், "பாலிசியை எந்த ஸ்டேஷன்ல கொண்டுவந்து காட்டணும் சார்?" என்று கேட்டேன். ஒரு ஸ்டேஷன் பெயர் சொன்னார். தேதி, நேரம், இடம், ஸ்டேஷன் நான்கையும் டைரியில் குறித்துக்கொண்டேன். வாத்தியார் வேலை பார்த்த கை, சும்மா இருக்காது.

கார் நகர்ந்ததுமே வீட்டுக்காரர், "ரெண்டாயிரம்தானே, கட்டித் தொலைச்சிடலாம். இந்த வயசுல ஸ்டேஷன் படி ஏறணுமா?" என்றார். உங்களில் பலரும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

நான் கட்ட மாட்டேன் என்று சொன்னதற்குக் காரணம் பணம் இல்லை. சலானில் எழுதியிருந்த குற்றம், இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியது என்பது. நாங்கள் அதைச் செய்யவில்லை. பணம் கட்டினால் செய்ததாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், பதிவிலும் நின்றுவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 196ஆம் பிரிவில் இதற்கு முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் இருக்கிறது. 2019 செப்டம்பருக்கு முன்னால் அபராதம் 1,000 ரூபாய்தான் இருந்தது.

வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனும், எழுதிய நோட்டு வீட்டில் இருக்கிறது என்பவனும் ஒன்றா? இரண்டாமவனிடம் நாம் என்ன சொல்வோம்? "சரி, நாளைக்குக் கொண்டு வந்து காட்டு." சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. அதே சட்டத்தின் 158ஆம் பிரிவின்படி, கேட்ட இடத்தில் இன்சூரன்ஸ் சான்றைக் காட்ட முடியாவிட்டாலும், ஏழு நாளுக்குள் அந்த அதிகாரியிடம் சொன்ன காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டிவிட்டால், காட்டவில்லை என்பதற்காக மட்டும் தண்டிக்க முடியாது. இது நம் சொந்த உபயோக வண்டிகளுக்கு. வாடகை வண்டி, சரக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சலுகை அப்படியே பொருந்தாது. லாரியும் வேனும் ஓட்டும் என் பிள்ளைகள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

திங்கட்கிழமை காலை பாலிசி, ஆர்.சி., சலான் மூன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, தமிழில் ஒரு பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனேன். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர், "இங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா, ஆன்லைன்ல பாருங்க" என்றார். "சரி சார், ஆனா நான் இன்னைக்கு வந்து காட்டினேன்னு இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க" என்று விண்ணப்ப நகலை நீட்டினேன். முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன். பிறகு தேதியோடு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். பாலிசி போட்ட தேதி புதன், சலான் போட்ட தேதி ஞாயிறு, ஸ்டேஷனில் காட்டிய தேதி திங்கள். இந்த மூன்று தேதியும் காகிதத்தில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அன்றே இ-சலான் இணையதளத்திலும் அதே காகிதங்களை ஏற்றிப் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

சரி, நாலு நாளைக்கு முன்பே எடுத்த பாலிசி மெஷினில் ஏன் வரவில்லை? செவ்வாய்க்கிழமை ஆர்.சி.யையும் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடைத்தாள் திருத்துவது போல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். சேசிஸ் எண்ணில் 8 இருக்க வேண்டிய இடத்தில் கம்பெனிக்காரர்கள் 3 என்று அடித்திருந்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் விவரம் அரசாங்கத்தின் 'வாகன்' பதிவோடு பொருந்தினால்தான் அதில் ஏறும். போலீஸ்காரர் கருவி காட்டுவது அந்தப் பதிவைத்தான். கம்பெனிக்கு போன் செய்து, மெயிலும் அனுப்பினோம். வெள்ளிக்கிழமை திருத்தச் சான்று, அவர்கள் மொழியில் எண்டார்ஸ்மென்ட், வந்தது. அடுத்த திங்கள் எம்-பரிவாகன் செயலியில் புதுத் தேதி தெரிந்தது. புதன்கிழமை மறுபடி ஸ்டேஷன். வியாழக்கிழமை சலான் ரத்து. மொத்தம் பதினொரு நாள்.

இதைப் படித்துவிட்டு, "பாருங்க டீச்சர், போலீஸ் இப்படித்தான்" என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். அந்த எஸ்.ஐ. மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் என் நான்காம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. கணக்கில் புலி. அவள் அப்பா ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் காவல் வேலை. ராத்திரி வேலை முடிந்து சைக்கிளில் வந்தவரை ஒரு வேன் இடித்துவிட்டது. ஆள் பிழைக்கவில்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா அலைந்தார். வருஷங்கள் கழித்துத் தீர்ப்பும் வந்தது, இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று. யார் கொடுப்பது? வேனுக்கு இன்சூரன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் இருந்திருந்தால் கம்பெனி கொடுத்திருக்கும். இல்லாததால் வேன்காரர்தான் கொடுக்க வேண்டும். அவர் வேனையும் விற்றுவிட்டு வீட்டையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார். தீர்ப்புக் காகிதம் அந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்று எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையலுக்குப் போனாள்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம்" என்றாள். இப்போது அவள் ஸ்கூட்டி ஓட்டுகிறாள். பாலிசி முடியப் பதினைந்து நாள் இருக்கும்போதே புதுப்பித்துவிடுவாளாம்.

நாம் இன்சூரன்ஸ் என்றதும் நம் காரில் கீறல் விழுந்தால் காசு வரும் என்று நினைக்கிறோம். சட்டம் கட்டாயமாக்கியது அதை அல்ல. 146ஆம் பிரிவு கேட்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். அதாவது, நம் வண்டியால் அடிபடக்கூடிய யாரோ ஒருவருக்கு. சைக்கிளில் வருபவருக்கு, ரோட்டைக் கடக்கும் பாட்டிக்கு, பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைக்கு. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் சொல்லும் தொகை எவ்வளவானாலும் கம்பெனி கொடுக்க வேண்டும், உச்சவரம்பு கிடையாது. இதற்கு 2022 ஜூன் முதல் நிர்ணயித்த கட்டணம், 150 சி.சி. வரையுள்ள சாதாரண பைக்குக்கு வருஷம் 714 ரூபாய், 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 3,416 ரூபாய். வரி தனி. பைக்குக்கு மாதம் அறுபது ரூபாய்கூட ஆகவில்லை.

இன்னொரு செய்தி நம் தமிழ்நாட்டோடு சம்பந்தப்பட்டது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க நடவடிக்கை வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில், புதுக் கார் வாங்கும்போதே மூன்று வருஷத்துக்கும், புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2018 செப்டம்பர் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. வாங்கும்போது ஒரு வருஷம் எடுத்துவிட்டு அப்புறம் பலர் புதுப்பிப்பதே இல்லை என்பதுதான் காரணம். அடிபட்டு வந்தவர்களைப் பார்த்த ஒரு மருத்துவர் போட்ட வழக்கு என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, பாடம் முடிந்தது. வீட்டுப்பாடம் தருகிறேன். இன்று ராத்திரிக்குள் செய்துவிடுங்கள்.

1. பாலிசியில் இரண்டு முடிவுத் தேதி இருக்கலாம். ஒன்று நம் வண்டியின் சேதத்துக்கு, இன்னொன்று மூன்றாம் நபருக்கு. புது வண்டி வாங்கியவர்களுக்கு முதலாவது ஒரு வருஷத்திலும் இரண்டாவது மூன்று அல்லது ஐந்து வருஷத்திலும் முடியும். இரண்டையும் பாருங்கள். ரோட்டில் கேட்பது இரண்டாவதை.

2. ஆர்.சி.யையும் பாலிசியையும் பக்கத்தில் வைத்து பெயர், வண்டி எண், என்ஜின் எண், சேசிஸ் எண் நான்கையும் ஒப்பிடுங்கள். தப்பு இருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள்.

3. புதுப்பித்த சில நாளில் எம்-பரிவாகன் செயலியில் புதுத் தேதி ஏறிவிட்டதா என்று பாருங்கள். அதிலோ டிஜிலாக்கரிலோ இருக்கும் ஆவணம் அசலுக்குச் சமம். 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதி 139ஐ அப்படித் திருத்தியிருக்கிறார்கள். இருந்தாலும் ஒரு பிரிண்ட் வண்டியில் இருக்கட்டும்.

4. பழைய வண்டி வாங்கியவர்கள், பெயர் மாறிய பதினான்கு நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும்.

5. முடிந்த பாலிசியை 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், இத்தனை வருஷம் க்ளெய்ம் வாங்காததற்குக் கிடைத்த தள்ளுபடி போய்விடும். ஆனால் அந்த 90 நாளும் வண்டி ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை. முடிந்த மறு நிமிஷம் முதல் காப்பீடு கிடையாது.

6. வாட்ஸ்ஆப்பில் "உங்கள் வண்டிக்கு சலான்" என்று ஏதாவது ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடாதீர்கள். திறந்தால் பேங்க் பணம் போய்விடும். சலான் உண்மையா என்று அரசு இ-சலான் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். முக்கியமாக என் வயதுக்காரர்கள்.

செய்தவர்கள் கமெண்ட்டில் "முடித்துவிட்டேன் டீச்சர்" என்று போடுங்கள். பாலிசி நம்பரை யாரும் போட வேண்டாம். முடிந்துபோனது என்று இப்போது கண்டுபிடித்தவர்கள் வெட்கப்பட வேண்டாம். வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, புதுப்பித்த பிறகு எடுங்கள். ஒருநாள் பஸ்ஸில் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
குன்றத்தூர்.