வெள்ளை வளையம்

1962. எனக்கு எட்டு வயது. மலாயாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில், மேட்டு லயத்து வாசலில் கோலி ஆடிக்கொண்டிருந்தோம். எங்களுக்குத் தெரிந்த வண்டிகள் மூன்றுதான்: துரையின் லேண்ட் ரோவர், பெரிய கிராணியின் மோரிஸ் மைனர், பால் லோரி. மூன்றுக்கும் முன்னால் அவற்றின் சத்தம் வந்துவிடும். அன்று வந்த காருக்குச் சத்தமே இல்லை. செம்மண் பாதையில் படகு ஒன்று மிதந்து வருவதுபோல வந்தது. இளநீல நிறம். மேலே கூரை கிடையாது. பின்னால் சுறாத் துடுப்புப் போல இரண்டு இறக்கைகள். ஒவ்வொன்றிலும் செம்பருத்தி மொட்டு மாதிரி இரண்டிரண்டு சிவப்பு விளக்குகள்.

ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரை பின்னாலேயே ஓடினோம். புழுதி தின்றுகொண்டே ஓடினோம்.

அப்பா ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். தோளில் காண்டா, இரு முனையிலும் காலி வாளி. சட்டையில் ஒட்டுப்பால் வாடை. காரைச் சுற்றி நின்ற கூட்டம் துடுப்பையும் விளக்கையும் பார்த்து வாய் பிளந்து நின்றது. அப்பா காண்டாவை இறக்கி வைத்துவிட்டு முன்சக்கரத்தின் அருகில் குந்தினார். கறுப்பு டயரின் பக்கவாட்டில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை வளையம். பால் காய்ந்து கறுத்துப்போன ஆள்காட்டி விரலால் அதை மெல்லத் தொட்டார். என்னைப் பார்த்து, "இது நம்ம பாலுடா" என்றார்.

காரில் வந்தவர்கள் ஈப்போக்காரர்கள். மடியில் தோட்டத்தின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். அவர்கள் வந்தது தோட்டத்தை விலைக்குப் பார்க்க. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தோட்டத் துண்டாடல் என்ற சொல்லை அறியாத வீடு அந்தக் காலத்தில் பேராக்கில் இல்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக மறுபடி விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் எங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க வழி செய்தார். ஆனால் அந்தக் கார் வந்த அடுத்த ஆண்டே எங்கள் தோட்டம் கைமாறிவிட்டது. லயங்கள் காலியாயின. என்னோடு கார் பின்னால் ஓடிவந்தவர்களில் இரண்டு பேர், 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களிடம் அரசு வேலை பெர்மிட் கேட்டபோது, பெற்றோருடன் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை.

நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். பதினைந்து வயதில் ஒரு டயர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பின்னாளில் புந்தோங்கில் சொந்தமாக ஒரு சின்னக் கடை. அப்பா சொன்னது எவ்வளவு சரி என்று அங்கேதான் புரிந்தது. எங்கள் தோட்டத்துப் புகைவீட்டில் காய்ந்த சீட்டுகள் தேன் நிறத்தில் இருக்கும். டயரின் கறுப்பு, ரப்பரில் கலக்கும் கரிப்பொடியால் வருவது. வெள்ளை வளையத்துக்கு அந்தச் சீட்டு ஆகாது. பால் நிறம் மாறாமல் இருக்க மருந்து சேர்த்து, உறையவிட்டு, தண்ணீர் ஊற்றி உருளையில் அரைத்து, புகை படாமல் காற்றிலேயே காயவிட்ட வெளிர் கிரேப் வேண்டும். அந்தக் காலத்தில் உலகிலேயே அதிகம் ரப்பர் வாங்கிய நாடு அமெரிக்கா. 1877இல் நட்ட முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்று பெரிய மரமாக இன்றும் எங்கள் பேராக்கின் கோலாகங்சாரில் நிற்கிறது. அந்த மண்ணில் சீவிய பால் கடல் தாண்டிப் போய், ஒஹாயோவின் ஆக்ரன் நகரத்து ஆலைகளில் டயராகி, ஒரு நாள் காரோடு எங்கள் பெரட்டுக்களத்துக்கே திரும்பி வந்திருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அப்பாவின் விரல் கண்முன் வரும்.

அது என்ன கார் என்று கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆனது. பழைய புத்தகக் கடையில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் அந்தச் செம்பருத்தி மொட்டுகள்! 1959ஆம் வருஷத்துக் காடிலாக். போர் விமானத்தின் வாலைப் பார்த்து 1948இல் காடிலாக்குக்கு முளைத்த துடுப்பு, உச்சிக்கு வளர்ந்தது அந்த ஒரு வருஷம்தான். நீளம் 5.7 மீட்டர், எடை இரண்டு டன்னுக்கு மேல், 6.4 லிட்டர் எஞ்சின். கூரை மடங்கும் எல்டொராடோ பியாரிட்ஸ் மொத்தம் 1,320தான் செய்தார்கள். அதைவிட எளிய திறந்த மாடல் பதினோராயிரத்துச் சொச்சம். எங்கள் பாதையில் வந்தது இரண்டாவது வகையாகத்தான் இருக்கும்.

அன்றிலிருந்து சேர்க்கிறேன். முழுக் காரை வாங்க என் டயர் கடை வருமானம் போதாது. ஒரு சக்கர மூடி, ஒரு விளக்கு மொட்டு, ரிப்பேர் புத்தகம் ஒன்று, கூரையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் தண்டு ஒன்று. சக்கர மூடியைப் பழைய கைலியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். தீபாவளிக்குத் தீபாவளி எடுத்துத் துடைப்பேன். வீட்டுப் போர்ச்சை டேப் வைத்து அளந்தும் பார்த்திருக்கிறேன். காரின் துடுப்பு வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கும்.

1976இல் இனித் திறந்த காரே கிடையாது என்று சொல்லி காடிலாக் கடைசியாக 14,000 திறந்த எல்டொராடோக்களை விற்றது. அந்த வருஷங்களில்தான் இங்கே ரப்பரை வெட்டிச் சாய்த்து எண்ணெய்ப் பனை நட்டார்கள். திறந்த கார் சில ஆண்டுகளில் மறுபடி வந்தது. எங்கள் லயம் வரவில்லை.

மலாக்காவில் சுதந்திரப் பிரகடன நினைவகத்தில் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் பயன்படுத்திய 1957 செவர்லே பெல் ஏர் திறந்த கார் இருக்கிறது. பேரனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவன் ஸ்டீயரிங்கை எட்டிப் பார்த்தான். நான் என்னை அறியாமல் முன்சக்கரத்தின் எதிரே குந்திவிட்டேன். "என்ன தாத்தா தேடுறீங்க?" என்றான். சொல்ல வாய் வரவில்லை.

போன தைப்பூசம் முடிந்து தோட்டத்துக்குப் போனேன். பெரட்டுக்களம் எது, லயம் எது என்று தெரியாதபடி எண்ணெய்ப் பனை. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. வெளியூர் போனவர்கள் பணம் அனுப்பி வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கார் எனக்குக் கிடைத்தால் செய்யப்போவதை முடிவு செய்து வைத்திருக்கிறேன். கூரையை மடக்கிவிட்டு ஈப்போவிலிருந்து செம்மோர் வழியாகச் சுங்கை சிப்புட். செம்மண் பாதை தொடங்கியதும் சிறு பிள்ளைகள் ஓடிவந்து தொடும் வேகத்துக்கு மேல் போக மாட்டேன். ஓடிவரப் பிள்ளைகள் அங்கே இல்லாவிட்டாலும். மாரியம்மன் வாசலில் நிறுத்தி, புது வண்டிக்குச் செய்வதுபோலவே பூசை. சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பேன். முன்சக்கரத்தின் அருகே குந்தி, அப்பா விரல் வைத்த வெள்ளை வளையத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பேன்.