கதவுக்குச் சொல்லும் பொய்

பூஸ்ட் கொன்ட்ரோலர் என்று பெயர்தான். நம்ம பக்கத்துப் பொடியன்கள் பஞ்சிகாவத்தையில் தேடி வாங்கிப் பூட்டுற மலிவுச் சாமான் எதையும் கொன்ட்ரோல் பண்ணுவதில்லை. இருக்கிற கொன்ட்ரோலை ஏமாற்றுது, அவ்வளவுதான்.

கலைப்பீடத்துக்காரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீங்க. என் பெரியம்மா மகன் ஒரு டொயோட்டா ஸ்டார்லெட் ஜிடி டர்போ வச்சிருக்கான். என்னைவிட வயது கூடின கார். கிராண்ட்பாஸில் எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேற கதையே இல்லை.

டர்போ சுத்துவது எஞ்சின் வெளியே தள்ளுற புகையால். சுத்திக்கொண்டே உள்ளே போற காற்றை அமுக்கும். காற்று கூடினா பெற்றோலும் கூட எரியும், புகை கூடும், டர்போ இன்னும் வேகமாச் சுத்தும். விட்டா இதுக்கு முடிவில்லை. அதனால்தான் வேஸ்ட்கேட் என்று ஒரு சின்னக் கதவு. டர்போ அமுக்குற காற்றின் அழுத்தம் ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் வழியாக அந்தக் கதவை இயக்குற ஸ்பிரிங்குக்குப் போகும். அளவு தாண்டினதும் கதவு திறந்து, மிச்சப் புகை டர்போவைத் தொடாமல் சைலன்சர் பக்கம் போயிடும். மலிவுக் கொன்ட்ரோலர் செய்வது, அந்த ஹோஸில் ஓட்டை போட்டுக் கொஞ்சக் காற்றைக் கசிய விடுவது. கதவுக்கு உண்மையைவிடக் குறைவாகக் கேட்கும், பிந்தித் திறக்கும்.

இதுக்கு மேல எஞ்சினின் கம்பியூட்டர் இருக்கு. அழுத்தம் எல்லை மீறினா பெற்றோலை வெட்டிவிடும். அண்ணாவின் கார் களனிப் பாலத்தில் முழுசா மிதிக்கும்போது வெட்டி வெட்டி இழுத்தது. கூட்டாளிமார் உடனே கம்பியூட்டரை ஏமாற்றவும் ஒரு சாமான் சொன்னாங்க. இரண்டு காவலையும் ஏமாற்றிட்டா மிச்சம் பிஸ்டன்தான். ஆமர் வீதி டிரஃபிக்கில் பத்து நிமிசம் நின்றால் இன்டர்கூலரும் கொதிக்கும். டாங்கில் 95க்குப் பதிலா 92 ஒக்டேன் என்றால் கேட்கவே வேணாம். பிளக் மூட்டின நெருப்பு வந்து சேர முன்னமே மூலையில் இருக்கிற கலவை தானாக வெடிக்கும். பிஸ்டன் எத்தனை தரம்தான் தாங்கும்?

1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரிலும் இதே பயம்தான். மெதனோல் கலந்த தண்ணீரை உள்ளே பீச்சித்தான் அந்த வெடிப்பை அடக்கினாங்க.

கராஜ் நானா எதையும் கழட்டவில்லை. “முதல்ல மீற்றரைப் பூட்டுங்க தம்பி. இப்ப எவ்வளவு போகுதெண்டே தெரியாம கூட்டப் போறீங்களா?”

பூட்டினா, கார் ஏற்கனவே அளவுக்கு மேல போயிருக்கு. காரணம் அந்த ரப்பர் ஹோஸ். முப்பது வருசச் சூட்டில் வெடிச்சு, யாரும் பூட்டாமலே கசிந்துகொண்டு இருந்தது. வெட்டி இழுத்தது வருத்தம் இல்லை, காப்பு. நாடு 2020இல் கார் இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் மறுபடி திறந்தது. திறந்தாலும் இந்த வயசுக் கார் கப்பலில் வரப்போவதில்லை.

ஹோஸை மாற்றியாச்சு. இழுவை இல்லை. கார் சோம்பலாப் போச்சாம், அண்ணா மூன்று நாளா நானாவோட கதைக்கவில்லை.